கணிப்பொறிப் பேரேட்டில் எந்தப் பத்திக்கு எந்த வகை?



பேரேடு வாங்கும்போது தேதிக்கு, விவரத்துக்கு, தொகைக்கு எனக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். கணிப்பொறியில் கணக்கு வைக்கும்போது மட்டும் "புரோகிராம் போடுபவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். பின்னால் கணக்கு உதைக்கும்போது தவிப்பது நாம்தான்.

எட்கர் காட் 1970-ல் வகுத்துத் தந்த முறைப்படி, விவரங்கள் அட்டவணைகளாக வைக்கப்படுகின்றன. அட்டவணையை அமைக்கும்போதே ஒவ்வொரு பத்திக்கும் அதன் வகையைச் சொல்லிவிட வேண்டும். நாம் கவனிக்க வேண்டியவை இவை:

1. தொகை: இதற்கு 'ஃப்ளோட்' வகை கூடாது. அது தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும். நான்கு பைட்டு ஃப்ளோட்டில் 1,67,77,217 ரூபாயைப் பதிந்தால் 1,67,77,216 என்றுதான் நிற்கும். ஒரு ரூபாய் காணாமல் போகும். 'டெசிமல் (12,2)' என்று கேளுங்கள். மொத்தம் 12 இலக்கம், அதில் 2 பைசாவுக்கு. ஆயிரம் கோடிக்குள் எந்தத் தொகையும் பைசா சுத்தமாக இருக்கும்.

2. எடை: கிலோவில் பதிகிறவர்களுக்கு 'டெசிமல் (10,3)' பொருந்தும். கடைசி மூன்று இலக்கம் கிராமுக்கு.

3. எண் போலத் தோன்றும் எழுத்துகள்: மிளகின் எச்.எஸ்.என். குறியீடு 0904. எண் வகையில் போட்டால் முன்னுள்ள சைபர் உதிர்ந்து 904 ஆகிவிடும். செல்போன் எண்ணை 'இன்டிஜர்' வகையில் போட்டால் ஏற்காது. அதன் உச்சவரம்பு 2,14,74,83,647. நம் செல் எண்களோ 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்கம். 15 இடம் கொண்ட ஜி.எஸ்.டி. எண்ணில் ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கின்றன. 'இதை எப்போதாவது கூட்டிப் பார்ப்போமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அது எழுத்து வகைதான்.

4. தேதி: எழுத்தாக வைத்தால் 02-04-2025 முன்னாலும் 15-01-2025 பின்னாலும் வரிசையாகும். யாருடைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று தெரியாமல் போகும். 'டேட்' வகையே சரி.

5. சரக்கின் பெயர்: தமிழில் வைப்பவர்கள் யூனிகோடு ஏற்கும் வகையைக் கேளுங்கள். யு.டி.எஃப்.-8 முறையில் 'மிளகு' என்ற சொல்லுக்கே 15 பைட்டு வேண்டும். இடம் குறைந்தால் பெயர் நுழையாது, அல்லது பாதியில் அறுந்துவிடும்.

6. காலி இடம்: விலை தெரியாத சரக்குக்கு 0 போடாமல் 'நல்' என்று விடச் சொல்லுங்கள். 0 என்றால் இனாம் என்று பொருளாகிவிடும்.

வகையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் உதிர்ந்த சைபரும் கரைந்த ரூபாயும் தானாகத் திரும்பி வராது. முதல் பில் போடும் முன்பே பத்திகளின் பட்டியலைக் காகிதத்தில் வாங்கி, கணக்குப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிடுவோம்.