பாடமே நடத்தாமல் பல்கலைக்கழகத்தில் இத்தனை வேலையா? தெரியுமா?

பல்கலைக்கழக வேலை என்றாலே பேராசிரியர் பதவிதான் நினைவுக்கு வருகிறதா? சர்வர் அறையிலும் கணினி மையத்திலும் வேலை பார்த்தவர்கள் செய்த அதிசயங்களைக் கேளுங்கள்!

முதல் இணையத் தேடுபொறி எனப்படும் ‘ஆர்ச்சி’ 1990-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிறந்தது தெரியுமா? பார்படோஸிலிருந்து படிக்கப் போன ஆலன் எம்டேஜ், அங்கே கணினிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். எந்த மென்பொருள் எந்த சர்வரில் கிடக்கிறது என்று மற்றவர்களுக்குத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலைக் கணினியிடமே ஒப்படைத்துவிட்டார்! கூகுள் நிறுவனம் தொடங்கியதோ 8 ஆண்டுகள் கழித்து!

உலகெங்கும் கல்லூரிகள் ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்தும் ‘மூடுல்’ யார் கைவண்ணம் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் இணையதளப் பொறுப்பாளராக இருந்த மார்ட்டின் டூகியமாஸுடையது! பள்ளிக்கூடமே அருகில் இல்லாத பாலைவனப் பகுதியில் வளர்ந்து, வானொலி வழியாகப் பாடம் கேட்ட சிறுவன் அவர். 2002-ல் மூடுலின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதுவும் இலவசமாக!

1988 கோடையில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் ஒரு துறையின் சர்வரைக் கவனித்துவந்தார். மிச்ச நேரத்தில் அவர் எழுதியதுதான் ஐஆர்சி. இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் கூடி அரட்டையடிக்க வழிதிறந்தது அதுதான்!

கேம்பிரிட்ஜ் கணினிச் சேவைப் பிரிவின் ஊழியர் பிலிப் ஹேஸல், மின்னஞ்சல்களைக் கொண்டுசேர்க்க 1995-ல் ‘எக்ஸிம்’ எழுதினார். அதற்குத் துணையாக 1997-ல் அவர் எழுதிய ‘பிசிஆர்இ’ என்ற சொல்தேடல் நிரல், இணையதளங்களை இயக்கும் பிஎச்பி, அப்பாச்சி மென்பொருள்கள் என்று எங்கெங்கோ போய் உட்கார்ந்துவிட்டது!

எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டி இணையத்தைப் பிரபலமாக்கிய மொசைக் பிரவுசர் 1993-ல் வந்தது. எழுதியவர்கள், இல்லினாய் பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தின் ஊழியர் எரிக் பினாவும், பகுதிநேரமாக வேலை பார்த்த மாணவர் மார்க் ஆண்ட்ரீசனும்!

தொட்டால் உதிரும் கருகிய எபிரேயச் சுருளைப் பிரிக்காமலே படிக்க முடியுமா? முடிந்தது! இஸ்ரேலின் எங்கெடியில் 1970-ல் கிடைத்த சுருளின் ஸ்கேன் படங்களைக் கென்டக்கி பல்கலைக்கழகக் குழு மென்பொருளால் விரித்தது. உள்ளே பைபிளின் லேவியராகமத் தொடக்கம்!

இதுபோன்ற ஆய்வுகளுக்காக நிரல் எழுதுபவர்களுக்கு 2012-ல்தான், ஆக்ஸ்போர்டில் நடந்த ஒரு பட்டறையில், ‘ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்’ என்ற பதவிப்பெயரே உருவானது. இன்று இந்தப் பெயரிலேயே ஆள் எடுக்கிறார்கள்!

நெட்வொர்க், இணையப் பாதுகாப்பு, சூப்பர் கம்ப்யூட்டர், சுவடி மின்னாக்கம், ஆன்லைன் பாட வடிவமைப்பு என்று இன்னும் எத்தனையோ வேலைகள் உண்டு. டிப்ளமோ முடித்தவரோ, பொறியியல் படித்தவரோ, அடுத்த முறை பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அறிவிப்பைப் பார்த்தால் ‘ஆசிரியரல்லாத பணியிடங்கள்’ பகுதியையும் கட்டாயம் படியுங்கள். விண்ணப்பித்துப் பாருங்கள்!