முதலாளி அதிகாரமும் தொழிலாளர் சட்டமும்

வேலை தருபவர் கட்டளையிடலாம், வேலை செய்பவர் கீழ்ப்படிய வேண்டும் என்ற பழைய கருத்து, இன்றைய தொழிலாளர் சட்டத்திலும் தொடர்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பண்ணையாள் முறை

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் செல்ல நந்தனார் தம் ஆண்டையிடம் அனுமதி கேட்கிறார். 40 வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்த பின்பே போகலாம் என்கிறார் ஆண்டை. பெரியபுராணத்தில் இந்த ஆண்டை கிடையாது. பண்ணையாளின் உழைப்பு மட்டுமன்றி, அவரது நேரமும் நடமாட்டமும் ஆண்டைக்கே உரியவை என்ற நிலையை இக்கதை காட்டுகிறது.

சிறைத் தண்டனை

ஆங்கிலேயர் ஆட்சி இவ்வதிகாரத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு இயற்றப்பட்டு, பிற பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. முன்பணம் பெற்று வேலைக்கு வராதவர், நீதிபதியின் ஆணைக்குப் பிறகும் மறுத்தால், மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கப்படலாம். கூலி தராத முதலாளிக்கு இச்சட்டத்தில் சிறை இல்லை. இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை 1875இல் நீங்கியது. இந்தியாவில் 1926 வரை நீடித்தது.

அதிகாரத்துக்கு வரம்பு

1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், வேலை விதிகளை முதலாளி எழுத்தில் தந்து சான்று பெற வேண்டும் என்றது. ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது நிர்வாகத்தின் உரிமை, ஆனால் அது எல்லையற்றதன்று என 1957இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பழிவாங்கலோ இயற்கை நீதி மீறலோ இருந்தால் தீர்ப்பாயம் தலையிடலாம். தண்டனையின் அளவைக் குறைக்கும் அதிகாரம் 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தீர்ப்பாயத்துக்குக் கிடைத்தது.

யார் முதலாளி?

பாதுகாப்பு பெறுவதற்கும் பழைய அளவுகோலே பயன்பட்டது. வேலை செய்யும் முறையைக் கட்டுப்படுத்துபவரே முதலாளி என்ற அடிப்படையில், சௌராட்டிர உப்பளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது (1956). அதாவது, தாம் ஒருவருடைய கட்டளைக்கு உட்பட்டவர் என்று தொழிலாளி முதலில் மெய்ப்பிக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் இடையில் வரும்போது இது கடினமாகிறது. கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கோரிப் பலமுறை போராடியுள்ளனர். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு வேலையில் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும், அவர்கள் தாமாகவே நிரந்தரப் பணியாளராவதில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் போலி என்று மெய்ப்பித்தால் நிறுவனத்தின் பணியாளராகக் கருதப்படுவர் என்றும் அது கூறியது. ஆண்டை யார் என்பது நந்தனாருக்குத் தெரிந்திருந்தது; ஒப்பந்தத் தொழிலாளரோ அதையே வழக்காடி நிறுவ வேண்டியுள்ளது.