வெந்நீரா, சூப்பா?

இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள், வலப்பக்கம் ஒலியைக் காட்டும் உறுப்பு: சீனர்கள் ‘தாங்’ என்று படிக்கும் இந்த எழுத்து பெய்ஜிங் உணவக அட்டையில் இருந்தால் சூப். டோக்கியோவில் வாசல் திரை ஒன்றில் இருந்தால் அது குளியலகம். உள்ளே வெந்நீர்த் தொட்டி. ஜப்பானியர் இதை ‘யு’ என்று படிக்கிறார்கள். கடன் வாங்கிய எழுத்தின் பொருளை ஜப்பான் மாற்றிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சான்றுகள் நேர்மாறாக இருக்கின்றன. மாறியது சீனம்தான்.

கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த சீன அகராதி இந்த எழுத்துக்குத் தரும் பொருள் வெந்நீர். அதற்கும் முந்தைய சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் இது குளிர்காலத்தில் குடிக்கும் நீர். கோடையில் குடிக்கும் நீருக்கு வேறு எழுத்து. இன்றைய சீனத்திலும் தடயம் அழியவில்லை. நான்ஜிங் அருகே வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன தாங்ஷானின் பெயரில் இருப்பது இந்தத் ‘தாங்’தான். வெந்நீர் எப்படிச் சூப் ஆனது? இடைப்படி மருத்துவத்தில், மூலிகை கொதித்த வெந்நீரில், இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹான் பேரரசின் இறுதிக்கால மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் கூட்ஸுக் கிழங்குக் கஷாயம் சீனா, ஜப்பான், கொரியா மூன்றிலும் இன்றும் அதே பெயரோடு விற்பனையாகிறது. அந்தச் சீனப் பெயரின் கடைசி எழுத்து இதுவே. வியட்நாமில் ‘தாங்’ என்றால் கொதிக்கவைக்கத் தயாராகக் கட்டிய ஒரு பங்கு மூலிகை.

மாறியது சீனம், பழைய பொருளைக் காத்தது ஜப்பான் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜப்பான் எதையும் காக்கவில்லை. தண்ணீருக்கு ‘மிசு’, வெந்நீருக்கு ‘யு’ என அங்கே முன்பே தனித்தனிச் சொற்கள் இருந்தன. பின்னதை எழுத இந்த எழுத்து கைகொடுத்தது, அவ்வளவே என்பது அது. பாதி உண்மை. நகராத ஒரு சொல்லோடு கட்டப்பட்டதால் எழுத்தும் நகராமல் நின்றது. ஆனால் பொதுக் குளியலகத்தின் பெயரான ‘செந்தோ’வில் வரும் ‘தோ’ ஜப்பானியச் சொல் அல்ல. சீன ஒலியின் ஜப்பானிய வடிவம். அந்த ஒலியும் வெந்நீரையே சுமக்கிறது. ஆக, ஜப்பானுக்கு எழுத்தோடு பழைய சீனப் பொருளும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதற்காக ஜப்பானியப் பொருளே சரி, மற்றவை பிழை என்று சொல்ல வரவில்லை. கொரியாவைப் பாருங்கள். ‘சம்கியேதாங்’ கோழி சூப், ‘மொக்யோக்தாங்’ குளியலகம். இரண்டிலும் இதே எழுத்துக்குரிய ஒலி. அந்தக் குளியலகத்திலேயே குளிர்நீர்த் தொட்டிக்குப் பெயர் ‘நெங்தாங்’! பிறவிக்குணமான சூடே போய்விட்டது, ஆனாலும் அங்கே குளிக்கிற யாருக்கும் குழப்பமில்லை. சீன வழக்கை மூலமாக வைத்து, மற்ற மூன்று நாட்டு வழக்குகளைத் திரிபு என்று ஒதுக்கும் பழக்கம் இந்த ஓர் எழுத்திலேயே நிற்க முடியாமல் போகிறது. சூப் என்பதும் சீனத்துக்குள் பிற்பாடு வலுத்த ஒரு பொருள்தான்.