“என் பிள்ளை எதையும் எறியலையே!”

“குழந்தை ‘த்ரோ அப்’ செய்கிறானா?” என்று டெலிபோனில் நர்ஸ் கேட்டாள்.

“இல்லவே இல்லை. என் பிள்ளை ரொம்ப சாது. எதையும் எறிய மாட்டான்” என்று பதில் சொன்னாள் என் அடுத்த வீட்டுக்காரி.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ‘த்ரோ’ என்றால் எறிவது, ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் வாந்தி எடுப்பது! ராத்திரியிலிருந்து அந்த இரண்டு வயதுக் குழந்தை ஆறு தடவை வாந்தி எடுத்திருந்தது. அதைச் சொல்லத்தான் அவள் போனே செய்தாள்.

நர்ஸ் அடுத்த கேள்வி கேட்டாள். “குடிக்கிறதை ‘கீப் டவுன்’ செய்கிறானா?” அதாவது, குடித்தது வயிற்றில் தங்குகிறதா என்று. ‘டவுன்’ என்றால் கீழே. பிள்ளையோ தம்ளரைத் தட்டித் தட்டித் தரையில் வைத்துக்கொண்டிருந்தான். “ஆமாம், ஆமாம், கீழேதான் வைக்கிறான்” என்று விட்டாள்.

வாந்தி இல்லை, குடித்தது தங்குகிறது என்றால் எந்த நர்ஸ்தான் பயப்படுவாள்? “நிறையக் குடிக்கக் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் ‘பிக் அப்’ ஆகவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள்” என்று வைத்துவிட்டாள். ‘பிக் அப்’ என்றால் இங்கே தேறி வருவது. இவள் படித்த பாடத்தில் கையால் தூக்குவது. நான் நாலு மணிக்குக் கறிவேப்பிலை கொடுக்கப் போனபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள். “சாயங்காலம் வரைக்கும் தூக்கி வைச்சுக்கணுமாம், அக்கா” என்றாள்.

குழந்தையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கண் உள்ளே போயிருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. காலையில் கட்டின நாப்பி நனையவே இல்லை. உடம்பில் நீர் வற்றிப்போனதற்கு இவைதான் அடையாளம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் காத்திருக்கக் கூடாது, சகோதரிகளே. டாக்ஸி வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார்கள். அதுவும் நிற்காமல் போகவே டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்து என் வீட்டு முறுக்கைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

குற்றம் யார் மேல்? நர்ஸ் மரியாதையாகத்தான் கேட்டாள். இவளும் தெரிந்த மாதிரிதான் சொன்னாள்.

நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பக்கம். நம்மவர் கடைகளும் கோயில்களும் உள்ள இடம். கொஞ்சம் தள்ளி பெக்டனில் லிதுவேனியாக்காரர்கள் நிறைய. பால்டிக் கடலோரத்தில், முப்பது லட்சம் பேர்கூட இல்லாத சின்ன நாடு அது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அங்கிருந்து வேலைக்காக வந்த குடும்பங்கள் அதிகம். இந்தப் பெண்ணும் அப்படி வந்தவள்தான். என் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டு எல்லாரையும் அக்கா, அண்ணா என்பாள்.

ஊரில் அவள் கணக்கு டீச்சர். நானோ தமிழில் பத்தாவது வரை படித்தவள். இலக்கணத்தில் அவள் என்னைத் தோற்கடித்துவிடுவாள். ஆனால் இங்கிலீஷில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கஷ்டமான வார்த்தைதான் அவளுக்குச் சுலபம். ‘டாலரேட்’ என்றால் உடனே புரியும். அவர்கள் மொழியிலும் ‘தோலெருவோதி’ என்று இருக்கிறது. அதையே ‘புட் அப் வித்’ என்றால் போச்சு! அந்த நர்ஸ் ‘வாமிட்’ என்று கேட்டிருந்தால் கண்டிப்பாகப் புரிந்திருக்கும். அவர்களுக்கு அது ‘வெம்தி’. நம் வாந்தியும் சமஸ்கிருதம் வழியாக அதே வம்சத்திலிருந்து வந்ததுதான்! நெருப்புக்கு அவர்கள் ‘உக்னிஸ்’ என்பதைக் கேட்டு, அக்னி எங்கேயிருந்து எங்கே போயிருக்கிறது என்று நான் வாய் பிளந்தேன்.

ஆனால் இங்கே டாக்டரும் நர்ஸும் தாய்மாரிடம் பெரிய வார்த்தை பேசுவதில்லை. அன்பாகப் பேசுவதாக நினைத்துக் குட்டி வார்த்தையாகப் போடுகிறார்கள். கிவ், டேக், புட், லுக் என்று சின்னச் சொல், அதன் வாலில் அப், அவுட், ஆஃப், இன். தனித்தனியே எல்லாம் தெரிந்த வார்த்தை. சேர்ந்தால் வேறு அர்த்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் என் சமையலறை மேஜையில் இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். எனக்கும் சந்தேகம் இல்லாமலா? இரண்டு நாளிலேயே ஒன்று கண்டுபிடித்தோம். இந்த வித்தை இங்கிலீஷுக்கு மட்டும் சொந்தமில்லை.

லிதுவேனிய மொழியில் கொடுப்பது ‘துவோதி’. அதன் முன்னால் வெளியே என்று பொருள் வரும் ‘இஷ்’ஷை ஒட்டினால் ‘இஷ்துவோதி’. துரோகம் செய்து ஒருவரை மாட்டிவிடுவது என்று அர்த்தம். இங்கிலீஷில் அதற்கு ‘கிவ் அவே’ என்று சொல்வதுண்டு. நம்மிடம் என்ன? காட்டிக்கொடுப்பது! மூன்று மொழியிலும் ‘கொடு’ இருக்கிறது, ஆனால் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. இன்னொன்று ‘பசிதுவோதி’, பணிந்துபோவது. இங்கிலீஷில் ‘கிவ் இன்’. நாம் விட்டுக்கொடுக்கிறோம். மறுபடியும் அதே ‘கொடு’.

பார்ப்பது ‘ஜூரேதி’. முன்னால் ‘ப்ரி’ சேர்த்தால் ‘ப்ரிஜூரேதி’, குழந்தையையோ வயதானவரையோ கவனிப்பது. இங்கிலீஷில் ‘லுக் ஆஃப்டர்’. நாம் “பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோ” என்றுதானே சொல்கிறோம்? பார்ப்பதிலிருந்துதான் பராமரிப்பு வருகிறது என்பதில் மூன்று ஊர்த் தாய்மாருக்கும் சந்தேகமே இல்லை போலிருக்கிறது.

இதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பயம் தெளிந்தது. “எங்கள் வார்த்தையில் ஒட்டு தலையில் இருக்கு, இங்கிலீஷில் வாலில் இருக்கு, அவ்வளவுதானே அக்கா?” என்றாள். அவ்வளவேதான் என்று சொல்ல முடியாது. அவர்கள் ஒட்டு தலையைவிட்டு நகராது. இங்கிலீஷ் வால் சில சமயம் கழன்று தூரம் போய்விடும். கோட்டைக் கழற்று என்பதை ‘டேக் ஆஃப் யுவர் கோட்’ என்றும் சொல்லலாம், ‘டேக் யுவர் கோட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். கோட்டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் ‘டேக் இட் ஆஃப்’தான், வேறு வழி இல்லை. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ மட்டும் எந்தக் காலத்திலும் பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஒரு முழு வாக்கியமாக, கேட்ட இடத்தோடு எழுதிவைப்பது மேல். ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ‘த மில்க் ஹாஸ் கான் ஆஃப்’, பால் கெட்டுப்போச்சு. காலையில் ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’, அலாரம் அடித்தது. ஒரே ‘கோ ஆஃப்’தான்! பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பாலும் அலாரமும் குழம்பிப்போகும்.

பழமொழிகளில் எங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். இங்கிலீஷ்காரர் ஒரே கல்லில் இரண்டு பறவை. லிதுவேனியாவில் ஒரே குண்டில் இரண்டு முயல்! நம்மை ஏமாற்றுகிறவன் காதில் பூ சுற்றுகிறான், அங்கே காதில் மக்ரோனியைத் தொங்கவிடுகிறான், இங்கிலாந்தில் கண்ணை மறைத்துக் கம்பளி இழுக்கிறான். பூவே தேவலை.

ஆஸ்பத்திரியில் அன்று ராத்திரி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டே, “சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்பூன், அக்கா, சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்பூன்” என்றாள். பாவம், காலையிலிருந்து பட்டினி என்று நினைத்து, என் வீட்டுக்காரர் கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சாப்பிட்டு முடிந்த பிறகு ஸ்பூன் கொண்டுவந்து என்ன பிரயோஜனம் என்று அவர்கள் ஊரில் ஒரு வசனம். நம் ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’தான் அது. எல்லாம் கைமீறிவிட்டது என்று அவள் புலம்புகிறாள், நான் சட்னி ஊற்றுகிறேன். நர்ஸைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

நம்மவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. “என் தம்பி இன்ஜினியரிங் ‘பாஸ் அவுட்’ ஆகிவிட்டான்” என்று இங்கே பெருமையாகச் சொன்னால், பாவம், மயங்கி விழுந்துவிட்டானா என்று கேட்பார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

டாக்டர் வாயில் அடிக்கடி வருவதை அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தோம். ‘கம் அவுட் இன் எ ராஷ்’ என்றால் உடம்பில் தடிப்பு கிளம்புவது. ‘கோ டவுன்’ என்றால் ஜுரமோ வீக்கமோ இறங்குவது. ‘ஆஃப் ஹிஸ் ஃபுட்’ என்றால் சாப்பாடு பிடிக்காமல் இருப்பது. ‘வேர் ஆஃப்’ என்றால் மருந்தின் வேகம் குறைவது. ‘கெட் ஓவர்’ என்றால் வியாதியிலிருந்து மீள்வது. ‘கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிவது.

அதைவிட முக்கியமாக இரண்டு வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டினோம். ஒன்று, “தயவுசெய்து வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.” இரண்டு, “எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.” இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவத்தில் அப்படிக் கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கேட்க வெட்கம். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, டீச்சராச்சே! புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிற பழக்கம் எனக்கே போகவில்லை. போனில் தலையாட்டி யாருக்குத் தெரியப்போகிறது?

போன வாரம் அவளிடமிருந்து போன். “அக்கா, ‘கம் ரவுண்ட்’!” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாருக்கு மயக்கம்? தெளிஞ்சுதா?” என்று கத்தினேன்.

“மயக்கம் இல்லை அக்கா, வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். பீட்ரூட் சூப் வைச்சிருக்கேன்” என்றாள்.

போனேன். நம் மோர் மாதிரி புளித்த பாலில் பீட்ரூட்டும் வெள்ளரிக்காயும் போட்டு, ரோஜா நிறத்தில், ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் கடுகு தாளித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். தாளிப்பது என்றால் என்னவென்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.