மருந்தறைக்குள் போகும் முன்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். புகையைக் கண்டு உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அவர்களில் பலர். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்கும் தீ தாவும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

உராய்வுதான் எமன்

நைலான், பாலியெஸ்டர் சேலை வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டை வெறுங்கையால் தொடுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். மருந்துத் தட்டைத் தரையில் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். இரும்புச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது.

அறைக்கு நாலு பேர்

மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. தீபாவளி நெருங்கி வேலை மும்முரமாகும்போது இந்தக் கணக்குதான் முதலில் தவறுகிறது. இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது, அதுவும் கூடாது. கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

மூச்சும் வயிறும்

வாயையும் மூக்கையும் மூடாமல் பவுடரைச் சலிக்காதீர்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

தீ பட்டுவிட்டால்

உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருளுங்கள். ஆபத்தில்லாத இடத்துக்கு வந்தபின் காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். வீக்கம் வரும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

பயிற்சி பெற்றதாகக் கையெழுத்து மட்டும் போதாது

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் பயிற்சி மையம் நடத்துகிறது. அங்கே கற்றுவந்த போர்மேன், புதிதாக வந்தவரைக் கலவையில் கை வைக்க விடும் முன் வாசல்வரை ஒருமுறை ஓடவைத்துப் பார்க்க வேண்டும். அவர் மறந்தால் நீங்களே கேளுங்கள்: “அண்ணே, வெடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?” பதில் கிடைக்கும்வரை உள்ளே உட்காராதீர்கள்.