ஒரு சர்டிபிகேட்டுக்காக காத்துக்கிடந்த கார்கள்! தீவுத்திடலில் 'திக் திக்' சனிக்கிழமை

சென்னை நகரின் நடுவே, கூவம் ஆற்றுப் பாலத்தின் மீது கார் பந்தயம். அதுவும் ராத்திரியில்!

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய 2 நாட்கள் தீவுத்திடலைச் சுற்றி நடந்த 'பார்முலா-4' பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்பது விளையாட்டுப் பக்கத்து சமாச்சாரம். நடக்குமா, நடக்காதா என்று முதல் நாள் பொழுது சாயும்வரை எல்லோரையும் தவிக்க விட்டதே, அதுதான் இந்தக் கதை.

சோழவரம் காலம்

சென்னைக்கு கார் பந்தயம் புதிதல்ல. 2-வது உலகப்போரின்போது போட்ட சோழவரம் விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் அம்பாசிடரும் பியட்டும் சீறிப் பாய்ந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே வந்துவிட்டது. அங்கெல்லாம் பந்தயத்தைத் தேடி ஜனங்கள் போனார்கள். இந்த முறை பந்தயம் ஜனங்களைத் தேடி வந்தது. வந்தது சும்மா வரவில்லை. ரோட்டையும் கேட்டது!

கொடிமரச் சாலை, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, அண்ணாசாலை என்று மொத்தம் 3½ கிலோ மீட்டர். 19 வளைவுகள். தினமும் பஸ்சில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்த ரோடெல்லாம் தலைகீழ் பாடம்.

முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடத்துவதாக இருந்தது. 'மிக்ஜாம்' புயல் வந்து ஊரையே வெள்ளக்காடாக்கியது. பந்தயம் தள்ளிப்போனது.

கோர்ட்டில் வழக்கு

இதற்கிடையே ஐகோர்ட்டில் வழக்குகள் குவிந்தன. கேள்விகள் நியாயமானவைதான். ஒரு பக்கம் ஓமந்தூரார் ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரி. உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றி வரும் ஆம்புலன்ஸ் எந்த வழியில் போகும்? நோயாளிகள் காது என்ன ஆகும்?

2024 பிப்ரவரியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆனால் ஆகஸ்டு மாதக் கடைசியில் மறுபடியும் வழக்கு. 'எப்.ஐ.ஏ.' எனப்படும் சர்வதேச மோட்டார் அமைப்பின் பாதுகாப்பு சர்டிபிகேட்டை 31-ந் தேதி பகல் 12 மணிக்குள் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பந்தயத்தை தள்ளி வைக்க வேண்டும் என்று ஐகோர்ட்டு கறாராகச் சொல்லிவிட்டது.

மூடி கழன்ற கதை

'ஒரு காகிதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இந்த வகை கார் மணிக்கு 200 கிலோ மீட்டரைத் தாண்டிப் பறக்கக் கூடியது. உட்கார்ந்த இடம் தரையை உரசாத குறை. ஓட்டுகிறவர்களில் 15, 16 வயதுப் பையன்களும் உண்டு. நம்ம ஊர் வேகத்தடை ஒன்று குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் தடுப்பு சரியாக முட்டுக்கொடுத்து நிற்கிறதா, கம்பி வலை தாங்குமா, விளக்கு வெளிச்சம் போதுமா, டாக்டரும் ஆம்புலன்சும் தயாரா, எல்லாம் பார்த்த பிறகே கையெழுத்து.

முக்கியமாக ரோட்டில் பதித்திருக்கும் இரும்பு மூடிகள்! 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ்வேகாஸ் நகரத் தெருவில் பெரிய 'பார்முலா-1' பந்தயம். ஒத்திகை தொடங்கி 10 நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் வால்வு மூடி ஒன்று கழன்று, ஸ்பெயின் வீரர் கார்லோஸ் செயின்சின் பெராரி காரின் அடிவயிற்றைக் கிழித்தது. ஒத்திகை ரத்து. அடுத்த ஒத்திகை விடிகாலை 2½ மணிக்கு! அதைப் பார்க்க ரசிகர்கள் யாரும் உள்ளே இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கெட்டுப்போன உறுப்பை மாற்றியதற்காக பாவம் செயின்சுக்கே தண்டனை. 10 இடம் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். பணம் கொழிக்கும் ஊரிலேயே இந்தக் கதி!

12 மணி... 4 மணி... 8 மணி

31-ந் தேதி சனிக்கிழமை. 12 மணி ஆனது. சர்டிபிகேட் வரவில்லை. மழையால் சோதனை தாமதம் என்று காரணம் சொல்லி, அரசுத் தரப்பில் அவகாசம் கேட்டார்கள். 4 மணி வரை கிடைத்தது. அதுவும் போதவில்லை. கடைசியாக 8 மணி வரை கெடு.

கார்கள் கொட்டகையில் தயார். டிக்கெட் வாங்கியவர்கள் கேலரியில் தயார். வெளியே போக்குவரத்து போலீசார் வெயிலிலும் நின்று, வாகனங்களை வேறு வழியில் திருப்பி விட்டபடி இருந்தார்கள். சுற்றிப் போனவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பின்னே, பந்தயமும் ஓடாமல் ரோடும் இல்லாமல் இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பொழுது சாய்ந்த நேரத்தில் சர்டிபிகேட் வந்து சேர்ந்தது. இருட்டிய பிறகு, பளீர் விளக்கு வெளிச்சத்தில் முதல் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பந்தயங்கள் நடந்தன.

கோர்ட்டு, போலீஸ், வெளிநாட்டு அதிகாரிகள் என்று எல்லோரிடமும் அனுமதி வாங்கிய இந்தப் பாதைக்குள், யாரிடமும் கேட்காமல் புகுந்த ஆசாமி ஒருவர் உண்டு. எங்கிருந்தோ வந்த தெரு நாய்! பாதையில் அது போட்ட ஓட்டத்தால் சிறிது நேரம் தடங்கல் ஏற்பட்டது.