வேனின் கன்வெர்ட்டரை மாற்றும் முன்

நம் உறுப்பினர்களில் பலர் மார்க்கெட்டிலிருந்து சரக்கு எடுத்துவர ஆம்னி, ஈகோ போன்ற பெட்ரோல் வேன்களை வைத்திருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி புகைச் சோதனையில் தேறாமல் திரும்பினால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கன்வெர்ட்டர் போயிடுச்சு." கூடவே இரண்டு யோசனையும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிது போடலாம். இல்லாவிட்டால் பழையதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்துவிடலாம். இரண்டுக்கும் தலையாட்டுவதற்கு முன் நாம் கேட்க வேண்டியது, "அது எதனால் போயிற்று?" என்பதுதான்.

எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே உள்ள எஃகுக் கூடுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக ஏற்றப்பட்டிருக்கும். சூடான புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு கரியமில வாயுவாகிறது; எரியாத பெட்ரோல் ஆவி நீராவியும் கரியமில வாயுவும் ஆகிறது; நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகப் பிரிகின்றன. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் இந்தப் பூச்சு செத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது.

கன்வெர்ட்டருக்குள் உராயும் பாகம் எதுவும் இல்லை. பிரேக் ஷூ தேய்வது போல அது தேயாது. எஞ்சின் ஒழுங்காக இருந்தால் வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி அதுவும் கூட வரும். இடையில் அது கெட்டால், கெடுத்தது வேறொன்று. பிளக்கோ காயிலோ பழுதாகி ஒரு சிலிண்டர் அடிக்காமல் இருந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் உருகிக் கட்டியாகிப் புகை போகும் வழியையே அடைத்துவிடும். ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். நம்மவர்களிடம் உள்ள இன்னொரு பழக்கம், விடியற்காலை நான்கு மணிக்கு பேட்டரி கைகொடுக்காவிட்டால் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது. அப்போதும் எரியாத பெட்ரோல்தான் உள்ளே போகிறது. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதே முறை. மூலக் கோளாறைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டர் மாட்டினால், அதுவும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும்.

ஆகவே முதலில் பிளக், காயில், ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புகைச் சோதனையில் தேறாததற்குச் சென்சார் மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு. அதன் விலை கன்வெர்ட்டர் விலையில் ஒரு பங்குதான். வண்டி ஆறிய பிறகு கன்வெர்ட்டர் கூட்டை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கிறதா? உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது. மேட்டில் சரக்கோடு ஏறும்போது வண்டி மூச்சுத் திணறுகிறதா? அடைப்பு இருக்கலாம். சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். எஞ்சின் 2,500 சுற்றில் ஓடும்போது முள் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் மாற்றத்தான் வேண்டும்.

வெறும் குழாய் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். பி.எஸ். 4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் அந்த அளவுக்குள் வருவது மிகக் கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பின், மாசு விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புதிது வாங்கும்போது வண்டியின் மாடல், ஆண்டு, பி.எஸ். தரம் மூன்றையும் சொல்லி அதற்கு உரியதையே கேளுங்கள். மலிவுப் பொருள்களில் கூடு பளபளப்பாக இருக்கும். உள்ளே பூச்சு பேருக்குத்தான் இருக்கும். வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. மிளகில் பப்பாளி விதை கலந்ததைக் கண்டுபிடிக்கும் நம் கண்ணும் இங்கே உதவாது. எனவே பில்லும் எழுத்து மூலமான வாரன்டியும் இல்லாமல் வாங்கவே கூடாது. "பெரிய வண்டியின் கன்வெர்ட்டரைப் போட்டால் இன்னும் சுத்தமாகும்" என்பதும் சரியல்ல. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற கணக்கில் எஞ்சின் எரித்தால்தான் கன்வெர்ட்டர் முழு வேலை செய்யும். அந்தக் கணக்கைக் காப்பது சென்சாரும் கம்ப்யூட்டரும். சென்சாரே இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில் நவீன கன்வெர்ட்டரைப் பொருத்திப் பெரிய பயன் காண முடியாது.

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். வேன் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்து, வழக்கமான முறையில் வரி கட்டுபவராக நீங்கள் இருந்தால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

கடைசியாக, கழற்றிய பழைய கன்வெர்ட்டர் யாருடையது? உங்களுடையது. பலர் அதை ஒர்க்‌ஷாப் மூலையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். உள்ளே இருப்பது ஒரு சில கிராம் உலோகம்தான்; ஆனால் 2021இல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டி விற்றது, அன்றைய தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பின்னர் விலை வெகுவாக இறங்கிவிட்டாலும், காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போடும் சரக்கல்ல அது. தெருவில் நிற்கும் ஈகோ வேன்களின் அடியில் புகுந்து திருடர்கள் இதையே அறுத்துக்கொண்டு போவதும் இதற்காகத்தான். வேலையை ஒப்படைக்கும்போதே, பழையது திரும்ப வேண்டும் அல்லது அதன் விலையைப் பில்லில் கழிக்க வேண்டும் என்று பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் வாங்கும் தொழில் செய்வோர் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பிறகு கொடுங்கள்.